கோடைப்படி

எங்கள் ஊரில் துணி காயப்போடும் களத்தில் மரம் வைக்கக் கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல, ஆனால் எழுதி வைத்த சட்டங்கள் எல்லாம் மீறப்பட்ட ஊரில் இது ஒன்றுதான் மீறப்படாமல் இருந்தது. நாங்கள் செய்வது பேண்டேஜ் துணி, ஆஸ்பத்திரிகளில் புண்ணின் மேல் சுற்றுகிற துணி. தறியிலிருந்து வருவதைத் தொட்டியில் போட்டு வெளுத்து, ஈரத்தோடு களத்துக்குச் சுமந்து வந்து, கம்பிகளில் விரித்துவிட்டால் அதன்மேல் எதுவும் விழக் கூடாது. ஒரு சருகு விழுந்தால் கறை, ஒரு காக்கை உட்கார்ந்து எழுந்தால் கறை, கறை பட்ட துணி கழிவு. ஆகவே மரம் இல்லை, மரம் இல்லாததால் காக்கை இல்லை, காக்கை இல்லாததால் நிழல் இல்லை என்று நாங்கள் சொல்வோம். காக்கைக்கும் நிழலுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், சித்திரை மாதம் வந்து களத்தில் நின்று பாருங்கள், சம்பந்தம் தானாகத் தெரியும் என்போம்.

அந்தக் களத்தில் படி முளைத்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் இருளப்பன். தவசிலிங்கம் ஆலையின் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தவன் நான், அதன் கொடியை முதலில் ஏற்றியவன் நான், அதற்காக மூன்று தடவை உள்ளே போனவனும் நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். மற்றதெல்லாம் துண்டறிக்கைகளில் கற்றது. துண்டறிக்கையில் வீண் சொல் இருக்காது, ஏனென்றால் வீண் சொல்லுக்கும் அச்சகத்துக்காரன் காசு வாங்குவான். அதனால் அச்சில் ஒரு சொல் இருந்தால் அதற்கு ஒரு பொருள் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன். அந்த நம்பிக்கைதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது.

முதலாளிகள் சங்கத்துக்கும் எங்கள் சங்கத்துக்கும் ஊரில் ஒரே அச்சகம். மே தின அறிக்கைக் கட்டை வாங்கப் போனபோது அதன் மேல் அவர்களுடைய சுற்றறிக்கை ஒன்று மை காயாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தெடுத்ததில் கீழ்ப்பாதி கிழிந்துவிட்டது. மேல்பாதியில் கொட்டை எழுத்தில் 'கோடைப்படி' என்றும், அதற்கடியில் 'இந்த ஆண்டு முதல் நம் எல்லா ஆலைகளுக்கும்' என்றும் இருந்தது. பஞ்சப்படி என்றால் என்ன, பயணப்படி என்றால் என்ன, வீட்டு வாடகைப்படி என்றால் என்ன என்று தெரிந்த எவனும் அதை எப்படிப் படிப்பானோ அப்படித்தான் நானும் படித்தேன். இன்று நினைத்தாலும் என் வாசிப்பில் தவறு இருந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் காலை ஆலை வாசலில் கூட்டம் போட்டேன். வெயிலில் வேலை செய்வதற்குப் படி கேட்டு எத்தனை வருடம் கத்தினோம், இதோ கொடுத்துவிட்டார்கள் என்று அந்த அரைத்தாளை உயர்த்திக் காட்டினேன். யாரோ சரவெடி வாங்கி வந்து கொளுத்தினார்கள். சத்தம் கேட்டு முதலாளி தவசிலிங்கம் வெளியே வந்தார், தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார். மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு விளக்கினார்: இது தொழில்முனைவோரும் தொழில் தலைவர்களும் கோடை விடுமுறையில் படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல். 'கோடை', கொஞ்சம் இடம், அப்புறம் 'படி' என்று போடச் சொல்லியிருந்தார்கள். அச்சுக் கோர்த்தவன் இடத்தை மிச்சம் பிடித்து, நடுவில் ஒரு 'ப்' போட்டுவிட்டான்.

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு விருப்பம் இல்லை. எனக்குப் பின்னால் சங்கச் செயலாளராக வரத் துடித்துக்கொண்டிருந்த கனகவேல் தலையைக் குனிந்து சிரித்தான். அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து சீனியம்மாள் பேசினாள். களத்தில் துணி விரிக்கிற ஒப்பந்தப் பெண்களில் ஒருத்தி; எங்கள் சங்கத்தில் ஒப்பந்தக்காரர்களுக்கு உறுப்பினர் சீட்டு கிடையாது, ஆகவே அவள் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பாள். போன கோடையில் இரண்டு தடவை களத்தில் மயங்கி விழுந்தவள். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"அச்சுல கோடைப்படின்னு போட்டிருக்கா இல்லையா? போட்டா போட்டதுதான். குடுங்க" என்றாள்.

கூட்டத்துக்கு அது பிடித்துப்போய்விட்டது. கோடைப்படி கொடு, கோடைப்படி கொடு என்று பிடித்துக்கொண்டார்கள். தவசிலிங்கம் காதைப் பொத்திக்கொண்டு, சரி தாயி, தாரேன் கோடைப்படி, போய் வேலையப் பாருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு கூட்டத்தைக் கலைக்கச் சொல்லும் பேச்சு, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்தபோது களத்தின் வாசலோரம் ஒரு படி இருந்தது.

கருங்கல் படி. லாரியின் பின்பக்கம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். முழங்கால் உயரத்தில், கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல், அந்தரத்தில் நின்றது. காவல்காரர் அதன்மேல் தன் டிபன் டப்பாவை வைத்துவிட்டு, இது யார் கொண்டுவந்து வைத்தது, வழியில் இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் இன்னொரு படி, அதைவிட உயரத்தில், சற்றுத் தள்ளி. அதற்கடுத்த நாள் மூன்றாவது. நான்காவது படி ஆள் தலைக்கு மேலே போனது, அதன் கீழே மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு நிழல் விழுந்தது, அந்த நிழலில் தொட்டிக்காரர் ஒருவர் போய் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். அந்தக் களத்தில் மனிதன் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றது அதுதான் முதல் தடவை.

எப்படி முளைத்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. முதலாளி தினமும் புத்தகத்தில் ஒரு பாகம் படிக்கிறாராம், ஒரு பாகம் முடிந்தால் ஒரு படி முளைக்கிறதாம் என்று அவர் வீட்டில் சமைக்கிற அம்மா சொல்லிவிட்டாள், ஊர் அதை ஏற்றுக்கொண்டது, படித்தால் படி வருவதில் என்ன இருக்கிறது என்று கேட்டது. கேள்வியெல்லாம் வேறு மாதிரி வந்தது. இது கட்டடம் என்றால் அனுமதி வாங்க வேண்டுமே என்று ஓர் அதிகாரி நாடாவோடு வந்து, தரையைத் தொடாததைக் கட்டடம் என்று எழுத முடியாது, தொங்கவும் இல்லாததால் விளம்பரப் பலகை என்றும் எழுத முடியாது என்று திரும்பிப் போனார். கோயில் பூசாரி முதல் படிக்கு மஞ்சள் பூசினார், மற்றப் படிகளுக்குப் பூச ஏணி கேட்டார். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே படியில் சுவரொட்டி ஒட்டச் சண்டை போட்டார்கள். முதலாளிக்கு முதலில் களம் அடைபட்டுப் போகிறதே என்று கவலை. பிறகு அவரே, படிகளின் மேல் ஏறித் துணி விரிக்கச் சொன்னார், கம்பியில் காய்வதைவிட அங்கே சீக்கிரம் காய்ந்தது. மேலே அவருடைய துணி, கீழே எங்களுடைய நிழல். இரண்டு பேரும் ஒரே கல்லால் லாபம் அடைகிற ஒரு நிலைமையை என் துண்டறிக்கைகள் எதிலும் நான் பார்த்ததில்லை, எனக்கு அது சங்கடமாக இருந்தது.

நிழலைப் பங்கிடும் வேலை சங்கத்துக்கு வந்தது. தொட்டிக்காரர்களுக்கு முதல், தறிக்காரர்களுக்கு அடுத்து, அப்புறம் உருட்டிக் கட்டுகிறவர்கள், அப்புறம் ஒப்பந்தப் பெண்கள் என்று கனகவேல் வரிசை போட்டான், நான் சரி என்றேன், வரிசை என்று இருந்தால் யாராவது கடைசியில் நிற்கத்தான் வேண்டும். களம் ஒப்பந்தப் பெண்கள் வேலை செய்கிற இடம். மற்றவர்கள் கூரைக்குக் கீழே வேலை செய்துவிட்டு அங்கே சாப்பிட மட்டும் வந்தார்கள். நிழல் வாசலிலிருந்து நீண்டு நீண்டு களத்தின் கோடியை நோக்கிப் போனது, கோடியில் சீனியம்மாளும் அவள் கூட்டமும் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அது தங்களிடம் வந்து சேருவதற்குக் காத்திருந்தார்கள்.

பாதிக் களத்தில் அது நின்றுவிட்டது.

ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள், ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு வாசலில் கூடினார்கள், நான் கூட்டாமலே கூடினார்கள். முதலாளியே படி, முதலாளியே படி என்று அவர்கள் போட்ட கோஷம் தெரு முனை வரைக்கும் கேட்டது. முதலாளியே வெளியேறு என்று கோஷம் போட வைத்தவன் நான், முதலாளியே பேச வா என்று போட வைத்தவனும் நான், ஆனால் இந்தக் கோஷத்துக்குக் கையை எப்படி உயர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இதில் வென்றால் யார் வென்றதாகக் கணக்கு?

தவசிலிங்கம் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அந்த அறைக்குள் உட்காருவதில்லை என்பது என் கொள்கை. எத்தனை பேச்சுவார்த்தை நடந்தாலும் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துவிடுவேன், ஊருக்கே அது தெரியும். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க தோழரே. நின்னுக்கிட்டுக் கேக்குற விஷயம் இல்ல இது."

நின்றேன்.

"எனக்குக் கையெழுத்துப் போட வரும். அது தவிர ஒரு எழுத்தும் வராது" என்றார்.

நான் அவருடைய மேசையைப் பார்த்தேன், பட்டியலின் புத்தகங்கள் பளபளவென்று அடுக்கி இருந்தன. இதுவரை அவருடைய மருமகள்தான் சாப்பாட்டு வேளையில் வாசித்துச் சொன்னாளாம், விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். மகனுக்கோ தன் அப்பா தினமும் பேப்பர் படிக்கிறார் என்றே நினைப்பு. முதலாளிகள் சங்கத்தில் விஷயம் தெரிந்தால் அங்கே அவருக்குப் போட்டிருக்கிற நாற்காலியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"மேனேஜரைப் படிக்கச் சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"அவன் என் ஆளு. என் ஆளு வெளிய சொன்னா ஊரு நம்பும். நீங்க எனக்கு எதிரி. நீங்க போய் தவசிலிங்கத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு மைக் போட்டுச் சொன்னாலும், ஆமா இவன் வேற என்ன சொல்லுவான்னு போயிருவாங்க. எனக்கு உங்கள விட்டா பத்திரமான ஆளு கெடையாது."

இவ்வளவு தெளிவான வாதத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. இதை இப்போது எழுதுவதாலும் அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, எழுதுகிறவன் நான்.

ஜன்னல் வழியாகக் களத்தின் கோடி தெரிந்தது. ஈரத்துணிக்கு அடியில் தலைகள் தெரிந்தன. நான் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்சாதனம் உறுமுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தாமல், முதலாளிகள் முன்னேறுவதற்கென்று எழுதப்பட்ட புத்தகங்களை ஒரு முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். 'பனிக்கட்டி விற்றவனின் பாதை' என்று ஒரு புத்தகம், அதில் பனிக்கட்டியைவிட விற்றவனைப் பற்றியே அதிகம் இருந்தது. 'காதால் நடத்து' என்று ஒரு புத்தகம், தொழிலாளி பேசும்போது குறுக்கிடாதே, அவன் சொல்லாததையும் கேள் என்று அது சொன்னது. முன்பொரு வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ அதே வரியை நான் அறிக்கையில் எழுதியிருந்தேன், அதற்காக என்னைக் கைது செய்தார்கள், இந்தப் புத்தகத்தை எழுதியவனுக்கோ அதையே அட்டை போட்டு விற்றுக் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமிருந்து யார் எடுத்தது என்று எனக்கு விளங்கவில்லை. தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நடுவில் 'ம்' கொட்டுவார், நல்ல இடம் வந்தால் விரலால் மேசையைத் தட்டுவார். மறுநாள் காலை படி இருக்கும். வாசித்தவன் நான், கேட்டவர் அவர், படி யாருடையது என்ற கேள்வியை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

வெளியே என் பெயர் போய்க்கொண்டிருந்தது. தினம் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேச்சு, எவ்வளவுக்குப் பேச்சு என்றார்கள். நாற்பது வருஷமா முதலாளிய ஏசித் தோழரா இருந்தாரு, இப்ப ஏ.சி. தோழர் ஆயிட்டாரு என்று கனகவேல் ஆரம்பித்து வைத்தான், அது சுவரில் ஏறியது. நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னால் வாசிப்பு நின்றுவிடும், வாசிப்பு நின்றால் படி நின்றுவிடும். ஒரு நாள் அறையிலிருந்து நேரே களத்துக்குப் போனபோது சீனியம்மாள் கூடையைத் தூக்கிவிடச் சொல்லிக் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் புரட்டிப் பார்த்தாள்.

"கை ஐஸ் மாதிரி இருக்கே தலைவரே. உள்ள நல்ல குளிரோ?"

சுற்றி இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

கடைசிப் புத்தகம் வந்தபோது நிழல் கோடிக்கு முன்னால் கொஞ்சம்தான் பாக்கி. அந்தப் புத்தகத்தின் பெயர் 'சுமை இறக்கு'. முதல் பாகத்தில் கப்பல் மூழ்கும்போது எதை முதலில் தூக்கி எறிவது என்று கேட்டது. இரண்டாவது பாகத்தில் உன் ஆலையும் ஒரு கப்பல்தான் என்றது. மூன்றாவது பாகத்தில், நிரந்தரம் இல்லாத ஆட்களிடம் தொடங்கு, வெயிலை நம்பிச் செய்கிற வேலைகள் எல்லாவற்றையும் இயந்திரத்துக்கு மாற்று என்றது. தவசிலிங்கம் கண்ணைத் திறந்து, இந்த இடத்தை மறுபடி வாசிங்க என்றார். வாசித்தேன். டிரையர் மெஷினைப் பற்றி சிவகாசியில் ஒருத்தர் சொன்னார் என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார், மேசையைத் தட்டினார். மறுநாள் காலை முளைத்த படி கோடிக்கு ஒரே ஒரு படி தூரத்தில் நின்றது.

கடைசிப் பாகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் முன்னதாகவே படித்துப் பார்த்தேன். அதில் எப்படி அனுப்புவது என்று இருந்தது: எந்தக் கிழமை, எந்த வார்த்தை, எந்த முகம். அதை வாசித்தால் சீனியம்மாள் தலைக்கு மேல் நிழல் வரும்; அதை வாசித்தால் சீனியம்மாள் அங்கே இருக்க மாட்டாள். வாசிக்காவிட்டால் அவள் இருப்பாள், வெயிலும் இருக்கும், டாக்டர் சொன்ன மூன்றாவது மயக்கமும் அவளுக்காகக் காத்திருக்கும். எதிர்ப்பதற்கு ஒரு பக்கமும் ஆதரிப்பதற்கு ஒரு பக்கமும் இருந்தால் நான் வேலை செய்யத் தெரிந்தவன். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகி இருந்தால் என்ன செய்வது?

மதியம் போனேன். புத்தகத்தை விரித்தேன். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, என் வாழ்நாளில் நான் எழுதிய அறிக்கைகளிலே சிறந்ததை, களத்துப் பெண்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் கேட்டு எழுதி ஒரு பந்தலும் கிடைக்காமல் போன அந்த அறிக்கையை, மனப்பாடமாகச் சொன்னேன். எங்கள் உடம்பில் ஓடுவதும் உங்கள் உடம்பில் ஓடுவதும் ஒரே சிவப்பு, அதைக் கட்டி நிறுத்துகிற துணியை வெளுக்கிறவர்கள் வெயிலில் கருகலாமா என்று தொடங்கும். கோஷம் வருகிற இடங்களில் குரலை இறக்கினேன். தவசிலிங்கம் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை, 'ம்' கொட்டவில்லை, மேசையைத் தட்டவும் இல்லை. நன்றி சொல்லி அனுப்பினார்.

மறுநாள் கடைசிப் படி முளைத்திருந்தது. எங்கே முளைக்க வேண்டுமோ சரியாக அங்கே, சீனியம்மாள் உட்காருகிற இடத்துக்கு மேலே. ஆனால் அது கல் அல்ல. தண்ணீரை வெட்டி எடுத்து வைத்தது போல் இருந்தது. கனகவேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தான், தாங்கியது. கீழே வெயில் ஒரு துளிகூடக் குறையாமல் விழுந்தது. நிழல் விழாத படி. அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கனகவேலின் உள்ளங்கால்தான் தெரிந்தது, அவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் எழுதியது எதுவென்று எனக்குத் தெரியும், அது எதைத் தாங்கியது, எதைத் தடுக்கவில்லை என்பதும் தெரியும்.

சீனியம்மாள் நேரே என்னிடம் வந்தாள். எல்லாருக்கும் கல்லு, எங்களுக்கு மட்டும் கண்ணாடியா, உள்ள போய் என்னதான் பேசுனீங்க என்று கேட்டாள். அவளிடம் மட்டும் சொன்னேன்: அந்தக் கடைசிப் பாகத்தை ஒழுங்காகப் படித்தால் கல் வரும், ஆனால் உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஷின் வைக்கச் சொல்கிறது அந்தப் பாகம்.

"அப்ப நெழலு யாருக்கு?" என்றாள்.

அந்தப் பாகத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்க வாயெடுத்தாள், என் கையைப் பார்த்தாள், முதலாளியின் சாத்திய கதவைப் பார்த்தாள், கேட்காமலே விட்டுவிட்டாள். திரும்பிப் போனவள் கூடையிலிருந்த ஈரத்துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு படிப்படியாக ஏறி, உச்சியில் இருந்த அந்தத் தண்ணீர்ப் படியின் மேல் நான்கு மடிப்பாக விரித்தாள். அவளுக்கு அது வேலை, வேறு எதற்காகவும் ஏறவில்லை என்றுதான் பிற்பாடு சொன்னாள். கீழே வெள்ளையாக, ஈரமாக, கல்லின் நிழலைவிடக் குளிர்ச்சியாக ஒரு நிழல் விழுந்தது. மேலும் கீழும் வெயில் ஊடுருவியதால் அந்தப் படியில் போட்ட துணி மற்ற எந்தப் படியிலும் காயாத வேகத்தில் காய்ந்தது, காயக் காய எடுத்துவிட்டு ஈரத்துணி போட ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது.

அவள் இறங்கி வந்து சோற்றைத் திறந்தாள். எட்ட நின்ற என்னைப் பார்த்து, "வெயில்ல என்ன வேடிக்கை, வாங்கண்ணே" என்றாள். போய் உட்கார்ந்தேன். ஊறுகாய் கொடுக்கும் சாக்கில் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னைக்குச் சுடுது" என்றாள்.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். ஜன்னலருகே நின்று அந்தத் துணி போர்த்திய படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வாசிச்சது நல்லா இருந்துச்சு. ஆனா அது புத்தகத்துல இல்ல."

நான் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

"எனக்குப் படிக்கத்தான் வராது. காது கேக்கும். என் வாசல்ல குழாய் கட்டி எத்தனை வருஷம் கத்திருக்கீங்க, எனக்கு அதுல ஒரு வரி விட்டுப்போகாது" என்றவர், நேற்று நான் குரலை இறக்கிச் சொன்ன வரியை எடுத்து, மேடையில் நான் சொல்கிற ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொன்னார். என் அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய இன்னொரு மனிதன் இந்த உலகத்தில் இருப்பான் என்று நான் நினைத்ததில்லை, இருந்தால் அது இவராக இருக்கும் என்றும் நினைத்ததில்லை.

"திங்கக்கெழம மருமக வந்துருவா. நெசமான கடைசிப் பாகத்துல என்ன இருக்குன்னு அவகிட்டக் கேக்கட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

கோரிக்கைகளைப் பட்டியல் போட்டுக் கேட்டுப் பழகியவனிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது சும்மா கேட்டுவிட்டால், அவன் கை கால் எல்லாம் தொலைந்தவன் மாதிரி ஆகிவிடுகிறான். வேண்டாம் என்ற ஒரு சொல்லை நான் தேடித் தேடி எடுத்தேன்.

"மொத்தமும் படிச்சு முடிச்சிட்டேன்னு எங்க சங்கத்துல சொன்னா மழைக்காலத்துக்கு இன்னொரு பட்டியல் குடுப்பான்" என்று அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். "ஒரு பாகம் பாக்கி கெடக்கட்டும்."

இதுவரை அது பாக்கி கிடக்கிறது. அந்தப் புத்தகம் அவர் மேசையில் இருக்கும் வரைக்கும், அந்த ஒரு பாகம் திறக்கப்படாத வரைக்கும், களத்துப் பெண்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் வேறு படி முளைக்கவில்லை, பட்டியல் முடியாமல் அடுத்த பட்டியல் இல்லை என்று முதலாளிகள் சங்கம் சொல்லிவிட்டது. தொட்டிப் பக்கமும் சைக்கிள் நிறுத்துகிற இடத்திலும் நிழல் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அடுத்த சித்திரை பிறந்ததும் வாசலில் கூடிவிட்டார்கள், தொட்டிக்காரர்கள், தறிக்காரர்கள், உருட்டிக் கட்டுகிறவர்கள் எல்லோரும், முன்னால் கனகவேல். ஓரத்தில் சீனியம்மாளும் அவள் கூட்டமும் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். இந்தத் தடவை அவர்களும் கையை உயர்த்தியிருந்தார்கள். மாடி ஜன்னலில் திரை சற்றே விலகியிருந்தது.

எத்தனை பேர் செயலாளர் ஆனாலும் முதல் குரல் என்னுடையதுதான் என்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். ஏ.சி. தோழர் என்று சுவரில் எழுதியவர்கள்கூட எனக்காகக் காத்திருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன். வாசலில் நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தேன், ஓரத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன்.

"முதலாளியே" என்றேன். "படி" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

படி, படி என்று வாசல் முழங்கியது. அது முழங்கி அடங்குகிற இடத்தில், மூச்சு எடுக்கிற அந்த இடைவெளியில், ஓரத்திலிருந்து பெண்களின் குரல் எழுந்து என் சொல்லை எடுத்துக்கொண்டது: க்காதே, க்காதே, க்காதே.